பேண்டேஜ் துணியும் பெஸ்க் நம்பரும்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே விசைத்தறிகளில் ஓடுவது சேலையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. இழைக்கும் இழைக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும் அந்தத் துணியைக் காடாவாக நெய்து, வெளுத்து, வெட்டி, மடித்து, சுருட்டி, பெட்டியில் அடைத்தால் ஆஸ்பத்திரிக்குத் தயார். அது மதுரைக்கும் போகிறது, ஆப்பிரிக்காவுக்கும் போகிறது.

ஆப்பிரிக்காவுக்கு என்றால் இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் நாடு சாட். தலைநகர் என்ஜமேனா. சாட் நாட்டுக்குக் கடலே கிடையாது. ராஜபாளையத்தில் லாரி ஏறும் கண்டெய்னர் கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் போகும். அங்கிருந்து பெரும்பாலும் சின்னக் கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பல் மாறி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கேமரூன் நாட்டின் டுவாலா துறைமுகம். அதற்குப் பிறகுதான் பயணத்தின் கஷ்டமான பகுதி. டுவாலாவிலிருந்து என்ஜமேனா சுமார் 1,800 கிலோமீட்டர். இங்காவுண்டேரே வரை ரயில் உண்டு, அதற்கு மேல் லாரி. இல்லையென்றால் முழுக்க லாரி.

இவ்வளவு தூரம் போகிற பெட்டிக்கு முன்னால் ஒரு காகிதம் போயாக வேண்டும். பிரெஞ்சு பேசும் நாடுகளில் அதன் சுருக்கப் பெயர் பெஸ்க். இங்கிலீஷ்காரர்கள் ஈ.சி.டி.என். என்பார்கள். தமிழில் சரக்குத் தடச் சான்று என்று சொல்லலாம். ஆனால் நம்மூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெஸ்க் நம்பர் வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். சாட் மட்டுமில்லை, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் என்று கடலில்லாத நாடுகள் பலவும் கேட்கின்றன. கடலுள்ள நாடுகளும் கேட்கின்றன, அது தனிக்கதை.

வாங்கும் முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. பில் ஆஃப் லேடிங்கின் டிராஃப்ட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் வாடகைக்கான ரசீது, நம்ம கஸ்டம்ஸில் போட்ட ஷிப்பிங் பில் ஆகியவற்றை அந்த நாடு நியமித்திருக்கும் ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒரு டிராஃப்ட் சான்று தருவார். பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை, கண்டெய்னர் நம்பர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டினால் சான்று உறுதியாகும். அந்த நம்பர் பில் ஆஃப் லேடிங்கில் ஏற வேண்டும். கப்பல் அங்கே துறைமுகத்தைத் தொடுவதற்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் அங்கே சரக்கு வாங்குபவர் அபராதம் கட்ட வேண்டும். அவர் கட்டும்வரை பெட்டி துறைமுகத்தில் கிடக்கும், கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். ஒரு பில் ஆஃப் லேடிங்குக்கு ஒரு சான்று என்பது பொதுவான கணக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, சரக்கு எங்க போகுதுன்னு இன்வாய்ஸ்ல இருக்கு. பி.எல்.ல இருக்கு. ஷிப்பிங் பில்லுல இருக்கு. கப்பல்காரன் மேனிஃபெஸ்ட்லயும் இருக்கு. அதே விவரத்த நாலாவது ஆளுக்கு நாமளே டைப் பண்ணிக் குடுத்து, அதுக்குக் காசும் நாமளே குடுக்கணும். எதுக்குண்ணே?"

எளிமையான கேள்வி. பதில் தேடப் போனால் 1875ல் போய் நிற்கிறது. வழியில் தூத்துக்குடியும் வருகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். பெயரில் 'தடம்' இருந்தாலும் இந்தக் காகிதம் எதையும் தடம் பார்ப்பதில்லை. பெட்டியில் ஜி.பி.எஸ். கிடையாது, தனிப்பூட்டு கிடையாது. பெட்டி கடலில் விழுந்தாலும், டுவாலாவில் மாசக்கணக்கில் கிடந்தாலும், பாதி வழியில் திருடு போனாலும் சான்றுக்குத் தெரியாது. கப்பல் கிளம்பும்போது எழுதிக் கொடுத்த விவரத்தின் நகல்தான் அது. அப்படியானால் இதை ஏன் கண்டுபிடித்தார்கள்? எண்ணுவதற்கு. எதை எண்ணுவதற்கு? எந்தச் சரக்கை எந்தக் கொடியுள்ள கப்பல் தூக்கிப் போகிறது என்று எண்ணுவதற்கு.

அதைப் புரிந்துகொள்ள 'கான்ஃபரன்ஸ்' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். கூட்டம், மாநாடு இல்லை. ஒரே வழியில் ஓடும் கப்பல் கம்பெனிகள் சேர்ந்து, வாடகை இவ்வளவு, ஆளுக்கு இத்தனை பயணம் என்று பேசி வைத்துக்கொள்ளும் கூட்டணிக்குப் பெயர் அது. உலகத்தின் முதல் கப்பல் கான்ஃபரன்ஸ் 1875ல் பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடிய கம்பெனிகள் போட்டதுதான். நம் நாட்டுத் தேயிலையும் சணலும்தான் அதன் பள்ளிக்கூடம். நீராவிக் கப்பல் பெருகி, சூயஸ் கால்வாயும் 1869ல் திறந்துவிட, கப்பல் அதிகம், சரக்கு குறைவு, வாடகை சரிவு. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து கூட்டணி. சில வருஷத்திலேயே இன்னொரு மருந்தும் வந்தது, அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உன் சரக்கு முழுவதையும் எங்கள் கப்பலிலேயே அனுப்பு, வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறோம். ஆனால் உடனே இல்லை, அடுத்த தவணையும் எங்களிடமே அனுப்பினால் தருகிறோம். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வெளிக்கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த பணம் முழுக்கப் போச்சு. வியாபாரியின் காசை வைத்தே வியாபாரியைக் கட்டிப்போடும் ஏற்பாடு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இதே ஏற்பாடு 1895ல் போனது. அங்கே பாமாயில்.

வெளியிலிருந்து ஒருவன் கப்பல் விட்டால்? அதற்கும் மருந்து உண்டு. அவன் கப்பல் கிளம்பும் அதே நாளில், அதே வழியில், நஷ்ட விலைக்கு ஒரு கப்பலை விடுவது. சண்டைக் கப்பல் என்றே அதற்குப் பெயர். நஷ்டத்தைக் கூட்டணி முழுவதும் பகிர்ந்துகொள்ளும். வெளியாள் தனியாகத் தாங்க வேண்டும்.

இங்கே தூத்துக்குடி வருகிறது. வ.உ.சி.யின் சுதேசி நாவிகச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, ஊர் வழக்கில் பி.ஐ. கம்பெனி. கொழும்புக்குப் போகும் டிக்கெட்டை பி.ஐ. குறைத்துக் குறைத்து ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்ததும், கடைசியில் இலவசப் பயணமும் குடையும் தருவதாகச் சொன்னதும் நம் பாடப்புத்தகத்துக் கதைகள். குடையைப் பிடித்துக்கொண்டே அந்தக் கதையை நாம் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறோம். ஆனால் அது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் தனிப்பட்ட கெட்ட புத்தி மட்டுமில்லை. கல்கத்தா வழியில் முப்பது வருஷமாகப் பழகிய கைவேலை. அதே 1906ல் பிரிட்டனிலேயே, கப்பல் கம்பெனிகளின் கூட்டணிகளை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1909ல் அறிக்கை வந்தது. பெரிதாக ஒன்றும் தடை செய்யவில்லை. அதற்குள் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகிவிட்டார். 1911ல் கம்பெனியும் கலைந்துவிட்டது.

பாடம் என்ன என்றால், வாடகைச் சண்டையில் கப்பல் வைத்திருப்பவன் மட்டும் ஜெயிக்க முடியாது, சட்டம் கையில் வேண்டும். வ.உ.சி.யிடம் கப்பல் இருந்தது, பங்குதாரர் இருந்தார்கள், பயணிகளும் இருந்தார்கள். அரசாங்கம் எதிர்ப்பக்கம் இருந்தது. ஐம்பது அறுபது வருஷம் கழித்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலையடைந்த நாடுகளுக்கு அரசாங்கம் கையில் கிடைத்தது. உடனே எல்லாரும் செய்த காரியங்களில் ஒன்று, கப்பல் கம்பெனி ஆரம்பிப்பது. கானா 1957ல் பிளாக் ஸ்டார் லைன். நைஜீரியா 1959ல் தேசியக் கப்பல் கம்பெனி. நம்முடைய ஷிப்பிங் கார்ப்பரேஷன் 1961. கொடியும் பாட்டும் மாதிரி கப்பலும் ஒரு விடுதலைச் சின்னம்.

ஆனால் கான்ஃபரன்ஸ் அப்படியேதான் இருந்தது. 1964ல் ஐ.நா.வின் வணிக வளர்ச்சி மாநாடு ஜெனீவாவில் தொடங்கியபோது இதுவும் அங்கே போய்ச் சேர்ந்தது. பத்து வருஷப் பேச்சுக்குப் பிறகு 1974 ஏப்ரலில் ஒரு நடத்தை விதித் தொகுப்பு நிறைவேறியது. அதில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது 40-40-20. இரண்டு நாடுகளுக்கு இடையே ஓடும் கான்ஃபரன்ஸ் சரக்கில் இந்த நாட்டுக் கப்பலுக்கு 40 பங்கு, அந்த நாட்டுக் கப்பலுக்கு 40, மூன்றாம் நாட்டுக் கப்பல்களுக்கு 20. உலகக் கப்பல் கொள்ளளவில் கால்வாசியாவது வைத்திருக்கும் 24 நாடுகள் சேர்ந்தால்தான் அமல் என்று நிபந்தனை. அது நிறைவேறி அமலுக்கு வர 1983 அக்டோபர் ஆகிவிட்டது.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1975லேயே அபிஜானில் அமைச்சர்கள் கூடி ஒரு அமைப்பை ஆரம்பித்தார்கள். இன்று அதில் 25 நாடுகள். அதில் 5 நாடுகளுக்குக் கடல் இல்லை: புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர், சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. ஒவ்வொரு நாட்டிலும் 'ஷிப்பர்ஸ் கவுன்சில்' என்று ஒரு அரசு அமைப்பு வந்தது. சரக்கு அனுப்புகிற, வாங்குகிற வியாபாரிகள் சார்பில் கப்பல்காரனிடம் பேரம் பேசுவது அதன் வேலை. கூடவே 40 பங்கு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் வேலையும்.

இங்கேதான் காகிதம் பிறக்கிறது. 40 பங்கு கேட்க வேண்டுமென்றால் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். டுவாலாவில் இறங்கும்போது எண்ணினால் காரியம் கெட்டுவிடும், கப்பல் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டதே! ஏற்றும் இடத்திலேயே எண்ண வேண்டும். ஆகவே ஐரோப்பியத் துறைமுகங்களில் கவுன்சிலுக்கு ஆள் வைத்தார்கள். சரக்கு ஏறுமுன் அவரிடம் ஒரு தாள் வாங்க வேண்டும். அந்தத் தாளுக்குக் கட்டணம். நண்பர் கேட்ட "நாலாவது ஆள்" யாரென்றால் அவர்தான்.

கப்பலே இல்லாத சாட் இதில் என்ன செய்யும் என்று கேட்கலாம். கப்பல் இல்லாத நாடும், இருந்த கப்பலால் 40 பங்கைத் தூக்க முடியாத நாடும் தன் பங்கை ஐரோப்பியக் கம்பெனிகளுக்கே விட்டுக்கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொள்ளலாம். பல நாடுகள் அதைத்தான் செய்தன. யாரிடமிருந்து சரக்கைப் பிடுங்க சட்டம் வந்ததோ அவர்களிடமே உரிமை போனது, நடுவில் ஒரு கட்டணம் முளைத்தது. அந்த அரசுகளைக் குறை சொல்வது சுலபம். கையில் கப்பல் இல்லாதவனிடம் 40 பங்கு உரிமையைக் கொடுத்தால் அவன் அதை வேறென்ன செய்வான் என்பது என் கேள்வி.

இந்தக் கூத்தின் உச்சம் ஜயீர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதற்குச் சிறு கடற்கரை உண்டு. அங்கே கடல் சரக்கை நிர்வகிக்கும் அரசு அலுவலகத்துக்குப் பெயர் ஒஜெஃப்ரெம். ஐரோப்பாவிலிருந்து ஓடிய செவால் என்ற கான்ஃபரன்ஸ், ஜயீர் சரக்கு முழுவதும் தனக்கே என்று அந்த அலுவலகத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. வெளியாள் ஒருவர் கப்பல் விட, அதே நாளில் சண்டைக் கப்பல் ஓடியது. விசுவாசமில்லாத வியாபாரிகளுக்குக் கறுப்புப் பட்டியல் எழுதப்பட்டது. 1875ம் 1907ம் அப்படியே திரும்ப வந்தன, ஆனால் இந்தத் தடவை ஆப்பிரிக்க அரசின் முத்திரையோடு. 1992 டிசம்பரில் ஐரோப்பியக் கமிஷன் இதைச் சட்டவிரோதம் என்று சொல்லி அபராதம் போட்டது. 2000 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், குற்றம் குற்றம்தான் என்றது. நோட்டீஸ் அனுப்பிய முறை சரியில்லை என்று அபராதத்தை மட்டும் ரத்து செய்தது. நம்மூர் கோர்ட் தீர்ப்பு மாதிரியே இருக்கிறது, இல்லையா?

அதற்குள் 40-40-20 செத்துவிட்டது. கண்டெய்னர் வந்த பிறகு பெட்டி எந்தக் கப்பலில் ஏறி எங்கே மாறுகிறது என்பதற்குக் கணக்கே இல்லாமல் போனது. தூத்துக்குடிப் பெட்டி கொழும்பில் மாறுகிறது, அது எந்த நாட்டுப் பங்கு? உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் சரக்குப் பங்கீட்டை எடுக்கச் சொன்னன. தேசியக் கப்பல் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடனில் மூழ்கின. நைஜீரியாவுடையது 1995ல் மூடப்பட்டது. பிளாக் ஸ்டாரும் கப்பல்களை விற்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பா தன் வழிகளில் கான்ஃபரன்ஸையே தடை செய்தது.

எண்ண வேண்டிய காரணம் போய்விட்டது. எண்ணும் தாள் போகவில்லை. ஷிப்பர்ஸ் கவுன்சிலுக்குக் கட்டிடம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வருமானம் அந்தத் தாள்தான். 2001 செப்டம்பருக்குப் பிறகு உலகமெங்கும் துறைமுகப் பாதுகாப்பு என்ற பேச்சு கிளம்பி, 2004 ஜூலையில் ஐ.எஸ்.பி.எஸ். விதிகள் அமலானபோது தாளுக்குப் புதுக் காரணம் கிடைத்தது: பாதுகாப்பு. இன்டர்நெட் வந்ததும் பெயருக்கு முன்னால் 'எலக்ட்ரானிக்' ஒட்டிக்கொண்டது. சுங்க மதிப்பைச் சரிபார்க்க உதவுகிறது, வர்த்தகப் புள்ளிவிவரம் கிடைக்கிறது என்று மேலும் காரணங்கள் சேர்ந்தன. அவை பொய்க் காரணங்கள் என்று சொல்லமாட்டேன். தன் துறைமுகமே இல்லாத நாட்டுக்கு, வேறு நாட்டுத் துறைமுகத்தில் தன் பெயருக்கு என்ன இறங்குகிறது என்று முன்கூட்டியே தெரிவது சின்ன விஷயமில்லை. டுவாலாவில் இறங்கி சாட் போகிறேன் என்று வரி கட்டாமல் வெளியேறி, கேமரூன் சந்தையிலேயே விற்றுவிடும் சரக்கு சாட் கஜானாவுக்கு நஷ்டம், கேமரூனுக்கும் நஷ்டம். ஆனால் அதைப் பிடிக்கப் பெட்டியைத் தொடர வேண்டும். காகிதத்தைத் தொடர்ந்து என்ன பயன்?

பங்கீடு என்ற எண்ணம் கடலில் செத்தாலும் தரையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த ஆச்சரியம். டுவாலாவிலிருந்து சாட் போகும் சரக்கில் 65 பங்கு சாட் லாரிகளுக்கு, 35 பங்கு கேமரூன் லாரிகளுக்கு என்று இரு நாட்டு ஒப்பந்தம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு 60-40. 40-40-20ன் தம்பிதான் இது. ஒவ்வொரு நாட்டுச் சரக்கு அலுவலகமும் வரிசைப்படி லாரி ஒதுக்கும். லாரி புதிதா பழசா, டிரைவர் நல்லவரா என்றெல்லாம் பார்க்க முடியாது, முறை வந்தவருக்கு லோடு. 2009ல் உலக வங்கி வெளியிட்ட, டெரவனின்தோர்னும் ராபல்லாண்டும் எழுதிய ஆய்வு, ஆப்பிரிக்காவில் லாரி வாடகை அதிகமாக இருப்பதற்கு ரோடு மோசம் என்பது மட்டும் காரணமில்லை, மத்திய ஆப்பிரிக்காவில் இந்த வரிசைமுறையும் கூட்டணியும்தான் பெரிய காரணம் என்றது. கப்பல்காரனிடமிருந்து தப்பிக்கக் கற்ற பாடத்தை லாரிக்காரன் தனக்கு எழுதிக்கொண்டான்.

சரி, ஒரு காகிதம், கொஞ்சம் பணம், இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தால் தெற்கு சூடானைப் பார்க்க வேண்டும். அதுவும் கடலில்லாத நாடு, கென்யாவின் மொம்பாசா துறைமுகம்தான் வாசல். 2024 பிப்ரவரியில் அங்கே எல்லையில் புதிய கட்டணங்கள் வந்தன. அதில் ஒன்று எலக்ட்ரானிக் சரக்குத் தடச் சான்றுக்கானது. ஐ.நா.வின் எரிபொருள் லாரிகளிடமும் கேட்டார்கள். லாரிகள் எல்லையில் நின்றன. விமானத்திலிருந்து உணவு மூட்டை போடும் வேலைக்கு எரிபொருள் இல்லாமல் மே மாதம் அது நின்றது. அந்த மூட்டைகளை நம்பியிருந்தவர்கள் 60,000 பேர். உலகம் சத்தம் போட்ட பிறகு ஐ.நா.வுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கட்டணத்தை எடுத்தார்கள். வியாபாரிக்கு அந்தச் சலுகை இல்லை. பேண்டேஜ் துணி வியாபாரச் சரக்காகப் போனால் அது வியாபாரம்தானே.

உண்மையிலேயே தடம் பார்க்கும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நாமே ஒரு கடலில்லாத நாட்டுக்கு வாசல்காரர்கள். நேபாளத்தின் சரக்கு கொல்கத்தாவிலும் ஹால்தியாவிலும் இறங்கி ரக்சால் வழியாக பீர்கஞ்ச் போகிறது. வாசல்காரனுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்று 1989 மார்ச்சில் தெரிந்தது. ஒப்பந்தம் காலாவதியானதும் இந்தியா இரண்டைத் தவிர மற்றச் சரக்குப் பாதைகளை மூடியது. நேபாளத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. பல வருஷம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கட்டுக் காகிதம், எல்லையில் சரிபார்ப்பு, அந்த நகல் கொல்கத்தாவுக்குத் திரும்பி வரவேண்டும் என்று நடந்தது. 2017ல் சோதனையாக ஆரம்பித்த ஏற்பாட்டில் துறைமுகத்திலேயே பெட்டிக்கு எலக்ட்ரானிக் பூட்டு. அது போகும் வழியெல்லாம் இடம் சொல்லும், யாராவது திறந்தால் கஸ்டம்ஸுக்குத் தெரியும். எல்லையில் திறந்து பார்க்கும் வேலை குறைந்தது. இதற்கும் பெயர் சரக்குத் தட முறைதான். பெயர் ஒன்று, ஆனால் ஒன்று பெட்டியைப் பார்க்கிறது, மற்றது பில்லைப் பார்க்கிறது.

மறுபடி சத்திரப்பட்டிக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கட்டணம் எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கடிப்பதில்லை. கட்டணம் யூரோவிலோ டாலரிலோ. கண்டெய்னருக்கு இவ்வளவு, பில் ஆஃப் லேடிங்குக்கு இவ்வளவு என்று. உள்ளே என்ன இருக்கிறது, அதன் விலை என்ன என்பது பெரும்பாலும் கணக்கில் வராது. ஒரு கண்டெய்னர் நிறைய மொபைல் போன் ஏற்றினவனுக்கு இது தூசு. பேண்டேஜ் துணி அப்படியில்லை. இடத்தை அடைக்கும், எடை இருக்காது, விலையும் இருக்காது. கண்டெய்னர் நிரம்பிவிடும், இன்வாய்ஸில் தொகை நிரம்பாது. முழுக் கண்டெய்னர் போட வசதியில்லாத சிறு யூனிட், பத்து இருபது பெட்டியை மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் இன்னும் மோசம், அவருடைய சின்ன பில்லுக்கும் தனிச் சான்று. சான்றில் எழுத்துப்பிழை வந்தால் திருத்தக் கட்டணம். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பெனின் எல்லை மூடப்பட்டபோது கோட்டோனு துறைமுகம் என்று எழுதி வாங்கியிருந்த சான்றுகளின் கதியை யோசித்துப் பாருங்கள். துறைமுகம் மாறினால் சான்றும் மாற வேண்டும்.

விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் பேரத்தைப் பொறுத்தது. வாங்குபவர் தலையில் என்று ஒப்பந்தம் இருந்தாலும், சான்று ஏற்றும் இடத்தில்தான் வாங்க வேண்டும் என்பதால் முதலில் கையைவிட்டுப் போவது நம்மவர் காசு. பழகியவர்கள் விலை சொல்லும்போதே அதைத் தனி வரியாக எழுதிவிடுகிறார்கள். பழகாதவர் முதல் ஷிப்மென்டின் லாபத்தில் அதைக் கற்றுக்கொள்கிறார். எந்த வழியில் போனாலும் கடைசியில் அது என்ஜமேனாவில் காயத்துக்குக் கட்டும் துணியின் விலையில் ஏறுகிறது.

நம் பக்கத்தில் காகிதம் எல்லாமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவும் ஒரு சான்றுதான். அது செய்பவனுக்குச் சாதகமாகப் பேசுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளில் புலி முத்திரை குத்தினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. அந்த முத்திரைக்கும் ஒரு அர்த்தம் இருந்தது, வரி வாங்கியாயிற்று, இனி போகலாம் என்று. பெஸ்க் வாங்கின பிறகும் கஸ்டம்ஸ் வரி தனி, துறைமுகக் கட்டணம் தனி, லாரி வரிசை தனி.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்றால், சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் இருக்கிறது. இறக்குமதி, ஏற்றுமதி மீது போடும் கட்டணம் செய்த சேவையின் செலவைத் தாண்டக்கூடாது, அதை வருமான வரி மாதிரி ஆக்கக்கூடாது என்பது 1947 காட் ஒப்பந்தத்திலேயே இருக்கும் எட்டாம் விதி. உலக வணிக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் இதை இன்னும் இறுக்கியது. கட்டணங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அவை தேவைதானா என்று அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், கூடுமானால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றது. அந்த ஒப்பந்தம் அமலாக உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 2017 பிப்ரவரி 22 அன்று ருவாண்டா, ஓமன், ஜோர்டான் ஆகியவற்றோடு சேர்ந்து ஒப்புதல் கடிதம் கொடுத்து, அந்த எண்ணிக்கையை நிரப்பி ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்த நாலாவது நாடு, சாட். டுவாலா வழியாக அங்கே போகும் பெட்டிக்கு, அதற்குப் பிறகும் பெஸ்க் நம்பர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.